யானை போட்ட பனியனை அனுப்பி வைப்பது சம்பந்தமாக

திருப்பூர்,
2007 ஆவணி, தண்ணி வந்த நாளுக்கு மறுநாள்.

பெருமதிப்புக்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தங்கை அனுப்பிரியா பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் மாப்பிள்ளை, உங்கள் மருமகன் ரித்தீஷ் மூவரும் நலம். நலம் என்ற சொல்லை இவ்வளவு நிம்மதியாக எழுதி ரொம்ப நாளாகிறது, அதனால் இன்னொரு முறையும் எழுதிக்கொள்கிறேன்: நலம். உடுமலையில் தாங்களும் அண்ணியும் சுகந்தானா, தென்னைக்கு மருந்து கட்டியாயிற்றா என்று அறிய ஆவல். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் ரித்தீஷ் போனைத் தண்ணீர்க் குடத்தில் போட்டுவிட்டான். அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருக்கிறேன், இன்னும் பேச்சு வரவில்லை. இந்தக் கடிதம் தாமதமானதற்கும் அவன்தான் காரணம், மன்னிக்கவும்.

முதலில் அவசரச் செய்தி. டெம்போ வேண்டாம். நாங்கள் வீட்டைக் காலி செய்யவில்லை. மாடி ரூமை எங்களுக்காக ஒழித்துத் தேங்காயையெல்லாம் கீழே இறக்கியிருந்தால், தயவுசெய்து திரும்ப மேலே ஏற்றிவிடவும். போன வாரம் நான் அழுதுகொண்டே பேசியதில் உங்களுக்குப் பாதிதான் கேட்டிருக்கும். அந்த நேரம் பார்த்து இங்கே கரண்டு போய் யூ.பி.எஸ். வேறு கத்திக்கொண்டிருந்தது. மீதிப் பாதியை இப்போது சொல்கிறேன், அண்ணி பக்கத்தில் இருந்தால் அவர்களும் கேட்கட்டும், ஆனால் அதற்கு மேல் ஒருவருக்கும் தெரிய வேண்டாம்.

உங்கள் மாப்பிள்ளை, லிங்கசாமி முதலாளியின் ஏற்றுமதிப் பனியன் கம்பெனியில் மாதிரி தைக்கிற சாம்பிள் செக்ஷனைப் பார்த்துக்கொள்கிறார் என்பதும், நாங்கள் குடியிருக்கும் வீடும் முதலாளியுடையதுதான் என்பதும் உங்களுக்குத் தெரியும். அதாவது வேலை போனால் வீடும் போச்சு. இங்கே சாம்பிள் செக்ஷனில் இருப்பவர் வீட்டுக் குழந்தைகளுக்குத் துணி எடுக்கிற வழக்கமே கிடையாது. தையல் கோணினது, கழுத்து இறுகினது, பிரிண்ட் நகர்ந்தது என்று எது கழிந்தாலும் குழந்தை மேல் ஏறிவிடும். வெள்ளைக்காரக் குழந்தைகள் அடுத்த வருடக் கோடையில் போடப் போவதை எங்கள் தெருக் குழந்தைகள் இந்த ஆடியிலேயே போட்டு, நனைத்து, கிழித்து, அது கரித்துணியாகி அடுப்பு மேடைக்கு வந்துவிடும். இதில் ரகசியம் என்று ஒன்று இருக்கிறதென்று எம்.காம். படித்த எனக்குத் தோன்றவே இல்லை, அண்ணா. உப்புப் புளி மாதிரிப் பழகிவிட்டது.

டென்மார்க்கில் ஒரு பையர், அதாவது எங்களிடம் சரக்கு வாங்குகிற கம்பெனி. அவர்களுக்கு மஞ்சள் பனியனில் யானை வேண்டும். மழையில் நனைந்துகொண்டு, தும்பிக்கையைத் தொங்கவிட்டு, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு நிற்கிற யானை. கம்பெனி பிரிண்டிங் மாஸ்டர் அழகுமலை தெக்கத்திக்காரர், நல்ல மனிதர், அவருக்கு அந்த யானையைப் பார்க்கப் பொறுக்கவில்லை. முதல் சாம்பிளிலேயே யானை தும்பிக்கையைத் தூக்கி நிற்கிற மாதிரி பிரிண்ட் அடித்துவிட்டார். உங்கள் மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டு கேட்டதற்கு, "சார், கஜலட்சுமி படத்துல யானை எப்பிடி நிக்கும்? தும்பிக்கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னா வெளங்குமா? சின்னப் புள்ள நெஞ்சுல போய் இப்பிடி அழுமூஞ்சி யானையை அடிக்கச் சொல்லுதாங்களே, அவுங்களுக்கு மனசே இல்லியா?" என்றாராம். இவர் அந்த ஒரு பனியனை யார் கண்ணிலும் படாமல் கழித்துவிட்டு, சொன்னபடியே வேறு அடிக்க வைத்து அனுப்பினார். கழித்தது எங்கே வரும்? ரித்தீஷ் மேல் வந்தது.

இப்போது என் பங்குக்கு வருகிறேன். ரித்தீஷுக்குத் தாய்மாமன் சீராக நீங்கள் கொடுத்த டிஜிட்டல் கேமராவைப் பீரோவில் பூட்டி வைத்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. கம்ப்யூட்டர் இருக்கிறது, நெட் இருக்கிறது, வீட்டிலிருந்தே நாமும் நாலு காசு பார்க்கலாமே என்று நான் ஒவ்வொன்றாகச் செய்துபார்த்தது உங்களுக்குத் தெரியும். விளம்பரத்தைக் கிளிக் செய்தால் டாலர் என்றார்கள், கை வலி வந்தது, டாலர் வரவில்லை. டைப் அடிக்கும் வேலை தருகிறேன் என்று டெபாசிட் வாங்கினவன் போர்டையும் கழற்றிக்கொண்டு போய்விட்டான். பிறகுதான் ஒரு வெளிநாட்டு வெப்சைட்டைக் கண்டுபிடித்தேன். குழந்தைகள் படத்தை ஏற்றினால் போதும், யாராவது வாங்கினால் நமக்கும் ஒரு பங்கு வருமாம். ரித்தீஷ் அந்த யானைப் பனியனைப் போட்டுக்கொண்டு எங்கள் பழைய செல்போனை, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருப்போமே அதை, காதில் வைக்கிறேன் என்று முகத்தின் மேல் அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கிளிக். "போன் பேசும் பாப்பா" என்று இங்கிலீஷில் தலைப்புக் கொடுத்து ஏற்றிவிட்டேன். அதன் பிறகு சாதத்தை அடுப்பில் வைத்துவிட்டு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்ப்பேன், விசில் வந்ததும் பார்ப்பேன், குக்கரை இறக்கிவிட்டுப் பார்ப்பேன். பார்த்தவர்களில் முக்கால்வாசி நான்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

மீதிக் கால்வாசியில் ஒருத்தி டென்மார்க்காரி. அந்த யானையை வரைந்தவளே அவள்தான்! பிரசவ லீவில் வீட்டில் இருந்தாளாம். அவளும் என்னைப் போலவே கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஊர்க் குழந்தைகள் படமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், பாவம். கடைக்கே வராத தன் யானை யாரோ ஒரு குழந்தையின் நெஞ்சில் உட்கார்ந்திருந்தால் எந்தத் தாய் பொறுப்பாள்? உடனே அவள் கம்பெனிக்கு மெயில், அங்கிருந்து லிங்கசாமி முதலாளிக்கு மெயில். விளக்கம் கொடு, இல்லாவிட்டால் ஆர்டர் இல்லை.

முதலாளி படத்தைப் பிரிண்ட் எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு எல்லோரையும் நிற்க வைத்துவிட்டாராம். "நம்ம யானைய ஊரு மேல உட்டவன் ஆருடா? எம்பட சொந்தப் பங்காளியா இருந்தாலுஞ் செரி, இன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிப் போடுவேன்!" அது கறுப்பு வெள்ளைப் பிரிண்ட், குழந்தையின் முகத்தைப் போன் மறைத்திருக்கிறது, யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. உங்கள் மாப்பிள்ளைக்கு மட்டும் அந்த ரப்பர் பேண்ட் தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஏனு அனு, நம்ம பையன் எந்தெந்த நாட்டுக்கெல்லாம் போயிருக்கறான்?" என்றார். "என்னங்க, பக்கத்துல இருக்கற குண்டடத்தையே இன்னும் தாண்டலீங்க" என்றேன். "டென்மார்க் போயிட்டு வந்துட்டான், நாளைக்கு உடுமலை போறோம், பெட்டியைக் கட்டு" என்றார். அப்போதுதான் உங்களுக்குப் போன் செய்தேன்.

படத்தை எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தால் பாஸ்வேர்டு மறந்துவிட்டது. ரித்தீஷ் பிறந்த தேதியைப் போட்டேன், இல்லை. கல்யாணத் தேதியைப் போட்டேன், இல்லை. உங்கள் மாப்பிள்ளை பின்னால் நின்றுகொண்டு, "கல்யாணத் தேதியாவது செரியாத் தெரியுமா?" என்று கேட்டார். அந்த நிலைமையிலும் அவருக்குக் குத்தல் வருகிறது பாருங்கள். கடைசியில் அண்ணி பெயர்தான் பாஸ்வேர்டு என்று ஞாபகம் வந்து அடிக்கையில் கரண்டு போய், யூ.பி.எஸ். கத்தி, அது சாவதற்குள் படத்தை அழித்துவிட்டேன். ஆனால் பிரிண்ட் முதலாளி கையில் இருக்கிறதே. காலையில் போய்த் தானே ஒப்புக்கொண்டுவிடுவது என்று இவர் முடிவு செய்து, இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். வேலை போகிற அன்றைக்கு எதற்கு நல்ல சட்டை என்று கேட்க நினைத்து, காலரை மடித்துவிட்டேன்.

போனவர் வாயைத் திறப்பதற்குள் முதலாளி, "வாங்க தம்பி, அந்தப் பையர் மெயில் அனுப்பியிருக்கறானுங்க, படிங்க" என்றாராம். "படத்தை மறுபடி நன்றாகப் பார்த்தோம். அது எங்கள் யானை அல்ல. எங்கள் யானை சோகமானது. இதுவோ தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு சந்தோஷமாக நிற்கிறது. யாரோ எங்கள் டிசைனைத் தப்பும் தவறுமாகக் காப்பியடித்திருக்கிறார்கள். அவர்கள் கடைக்கு வருவதற்குள் நாம் வர வேண்டும். சரக்கை முன்னதாக அனுப்ப முடியுமா? கூடுதலாகவும் வேண்டும்." இவர் ஏதோ சொல்ல ஆரம்பித்ததற்கு, "பேச நேரமில்லீங்க தம்பி, நூலுக்குச் சொல்லுங்க" என்று முதலாளி விரட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து சொன்னபோது நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. ரித்தீஷ் பயந்துபோய் என்னையே பார்த்தான்.

உலகத்தில் தும்பிக்கை தூக்கின யானை ஒரே ஒன்றுதான், அது நம் வீட்டில் இருக்கிறது. கொளுத்தவும் மனசில்லை, கொடியில் போடவும் பயம். கம்ப்யூட்டருக்குப் போர்த்தியிருக்கும் துணிக்குள் மானிட்டர் மேல் மடித்து வைத்தேன். நேற்றுத் தண்ணி வந்தது. பத்து நாளுக்கு ஒருமுறை வருகிற தண்ணி, வீட்டில் இருக்கிற துணி பூராவும் வாளிக்குள். அந்த நேரம் ரித்தீஷ் போட்டிருந்ததையும் நனைத்துவிட்டான். காய்ந்த பனியன் வீட்டிலேயே அது ஒன்றுதான், யார் வரப் போகிறார்கள் என்று மாட்டிவிட்டேன்.

லிங்கசாமி முதலாளி வந்தார். கையில் ஸ்வீட் பாக்ஸ். இத்தனை வருடத்தில் வாசல் மிதிக்காதவர், ஆர்டர் கூடின சந்தோஷத்தில் நேரே வீட்டுக்கே வந்துவிட்டார். நான் உள் ரூம் கதவைச் சாத்திவிட்டுக் காபி கலக்க ஓடினேன். சரியாக அப்போது கரண்டு போயிற்று. யூ.பி.எஸ். கத்தியது. நம் பையனுக்கு அந்தச் சத்தம் கேட்டால் எங்கிருந்தாலும் அதை நோக்கித் தவழ்ந்து வருகிற பழக்கம். நான் சரியாகச் சாத்தாத கதவைத் தலையால் முட்டித் திறந்துகொண்டு வந்து, ஹால் நடுவில் உட்கார்ந்து, அந்த ரப்பர் பேண்ட் போனை எடுத்து முகத்தில் அப்பிக்கொண்டான். படத்தில் எப்படியோ அப்படியே, அண்ணா. வித்தியாசம் என்னவென்றால் இது கலரில் இருந்தது.

முதலாளி பார்த்தார். யானையைப் பார்த்தார், போனைப் பார்த்தார், உங்கள் மாப்பிள்ளையைப் பார்த்தார். நான் காபியோடு வந்து நின்றேன். யூ.பி.எஸ். இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

"அம்முணி," என்றார் கடைசியில், "பையனுக்குச் சளி புடிக்கப் போவுது. மேல ஒரு சொட்டரைப் போட்டு உடு."

உங்கள் மாப்பிள்ளை சும்மா இருக்கக் கூடாதா? "கரண்டு இல்லீங்க, வேர்க்குதுங்க" என்றார்.

"வேர்த்தாப் பரவால்லீங்க தம்பி. சொட்டரப் போட்டு, கழுத்து வரைக்கும் பொத்தானப் போடச் சொல்லுங்க."

போட்டேன். காபியை நின்றுகொண்டே குடித்தார். வாசலில் செருப்பை மாட்டுகையில் திரும்பாமலே, "நம்ம யானையக் காப்பியடிச்சவன் ஆரா இருந்தாலும் நல்லா இருக்கட்டும். ஆனா இன்னொருக்கா அடிச்சான்னா காலை ஒடச்சுப்போடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கார் திரும்பின பிறகுதான் நாங்கள் இரண்டு பேரும் மூச்சு விட்டோம். ரித்தீஷ் ஸ்வெட்டருக்குள் வேர்த்து வழிந்துகொண்டு சிரித்தான்.

ஆகவே அண்ணா, தனியாக பஸ்ஸில் வரும் பார்சலில் அந்தப் பனியனையும் நீங்கள் கொடுத்த கேமராவையும் வைத்திருக்கிறேன். கேமராவை நீங்களே வைத்துக்கொள்ளவும். பனியனைத் தோப்பில் யார் குழந்தைக்காவது கொடுத்துவிடவும், போட்டோ மட்டும் எடுக்க வேண்டாம். கம்ப்யூட்டருக்குத் துணியை இழுத்துப் போர்த்தி, மேலே முறத்தை வைத்துவிட்டேன். நெட்டில் சம்பாதிக்கிற ஆசை இந்த ஜென்மத்துக்கு அடங்கிவிட்டது. தலைக்கு மேல் கூரையும், மாதம் பிறந்தால் சம்பளமும், வேர்த்தாலும் சிரிக்கிற பையனும் இருக்கும்போது எனக்கு எதற்கு டாலர்?

அண்ணிக்கு என் அன்பு. அவர்கள் பெயரைப் பாஸ்வேர்டாக வைத்ததற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லவும். மூன்று பேரும் உங்கள் காலில் விழுந்து கும்பிடுகிறோம், அங்கிருந்தே விபூதி பூசிவிடவும்.

இப்படிக்கு,
நிம்மதியான தங்கை,
அனுப்பிரியா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன், கம்ப்யூட்டர் சரியாக அணைந்திருக்கிறதா என்று பார்க்க மட்டும் முறத்தை எடுத்தேன். அணைந்திருக்கவில்லை. ஒரு மெயில் வந்திருந்தது. நான் அழிப்பதற்கு முன்பே அந்தப் படத்தை ஒரு காலண்டர் கம்பெனி வாங்கிவிட்டதாம். அடுத்த வருடத்துக்கும் அடுத்த வருடத்துக் காலண்டர், அதற்குள் முதலாளி யானையெல்லாம் விற்றுத் தீர்ந்திருக்கும், அதனால் பயமில்லை. படம் சின்னதாக இருக்கிறதாம், அதே குழந்தை, அதே பனியன், அதே போன், பெரிய சைஸில் இன்னொன்று எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். பார்சலை இவர் காலையிலேயே உடுமலை பஸ்ஸில் போட்டுவிட்டார். ஆகவே பார்சல் கிடைத்தவுடன் பிரிக்காமல் அடுத்த பஸ்ஸிலேயே என் பெயருக்குத் திருப்பி அனுப்பவும், உங்கள் மாப்பிள்ளை பெயருக்கு வேண்டாம். ஒருவேளை பிரித்திருந்தால், அண்ணி பனியனைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடப் போகிறார்கள், தும்பிக்கை உரிந்துவிடும். அந்தத் தூக்கின தும்பிக்கைக்காகத்தான் படத்தையே வாங்கினார்களாம்.