கொரவையும் மாமாவின் கப்பிகளும்

விலங்கியல் படித்தவன் வாயைத் திறக்காமல் இருந்தாலே பல உயிர்கள் பிழைக்கும். நான் திறந்தேன்.

கல்யாணமான புதிது. ராஜபாளையத்தில் மருந்து விற்பனைப் பிரதிநிதி வேலை (படிப்புக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை என்பதை மாமனார் கண்டுகொள்ளவில்லை). ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் அவர் கண்ணாடித் தொட்டியில் கப்பி மீன் வளர்த்தார். ஆறு வருஷம் பொறுக்கிப் பொறுக்கி இனம் சேர்த்து, உடம்பு கறுப்பாகவும் வால் மட்டும் வெள்ளையாகவும் ஒரு வகையை உண்டாக்கியிருந்தார். மொத்தம் பதினொன்று.

செட்டியார்பட்டி ஓடையில் விரல் நீள மீன் ஒன்று எனக்குச் சிக்கியது. பழுப்பு உடம்பு, துடுப்பின் ஓரத்தில் நீலமும் ஆரஞ்சும். அழகில் மயங்கி, பாட்டிலில் கொண்டுபோய்த் தொட்டியில் விட்டேன்.

"மத்ததைக் கடிச்சிராதுல்லா, மாப்பிள்ளை?" என்றார் மாமா.

"பாசி மட்டுந்தான் திங்கும் மாமா. சுத்த சைவம்."

மீனுக்கோ பாம்புத் தலை. அடிக்கடி மேலே வந்து காற்றை வேறு விழுங்கியது. (பரீட்சையில் இரைபிடிக்கும் மீனுக்கு இதே அடையாளங்களை எழுதி ஐந்து மதிப்பெண் வாங்கியவன் நான்; அன்று உறைக்கவில்லை.)

மறுநாள் போன். "ஒம்பதுதான் தெரியுது, மாப்பிள்ளை."

"செடிக்குள்ள ஒளிஞ்சிருக்கும் மாமா."

அடுத்து ஏழு. "புது ஆளைப் பாத்து வெக்கப்படுது." பிறகு நாலு. "குட்டி போட ஒதுங்கியிருக்கும்." எட்டாம் நாள் அவர் எண்ணிக்கை சொல்லவில்லை. "செத்த நேரம் வந்துட்டுப் போங்க" என்றார்.

வழியில் சந்தேகம் தட்டி, மீன் விற்கும் ஓர் அக்காவிடம் போனில் எடுத்து வைத்திருந்த அதன் படத்தைக் காட்டினேன்.

"கொரவைல்லா இது! விராலுக்குத் தம்பி. சின்ன மீனெல்லாம் முழுங்கிரும். எந்தக் கிறுக்கன் தொட்டியில போட்டான்?"

"தெரிஞ்சவன் ஒருத்தன்" என்றேன்.

தொட்டியில் கொரவை மட்டும், வயிறு புடைக்க நின்றது. மாமாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலை.

"மூணாம் நாளே அது வாயில வெள்ளை வாலைப் பாத்தேன், மாப்பிள்ளை. படிச்சவுக சொல்லுதாகளே, நம்ம கண்ணுதான் தப்போன்னு இருந்துட்டேன்."

கடைகடையாக ஏறி இறங்கினேன். அந்த வெள்ளை வால் எங்குமே இல்லை. கொரவையைத் தூக்கி எறியப் போனபோது மாமா கையைப் பிடித்துக்கொண்டார். "அதுக்குப் பசி, தின்னுச்சு. அது என்ன பண்ணும்?" மறுநாள் நாங்கள் இருவருமாகப் போய் ஓடையிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

சொந்தக்காரர்கள் மத்தியில் இன்றுவரை நான் 'கொரவை மாப்பிள்ளை'தான். கல்யாண வீடுகளில் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். மாமா மட்டும், "விடுங்கப்பா, அவரு ஆசையாத்தான கொண்டாந்தாரு" என்பார்.

அந்த இடத்தில்தான் எனக்குச் சிரிப்பு நின்றுவிடும்.