ரேடியோசெட்டு கொடுத்த ரெண்டாவது இடம்

கால்பந்து ஆட்டத்தில் இரண்டு அணிகள் ஆடுகின்றன என்று உலகமே நம்பிக்கொண்டிருக்கிறது. இல்லை, மூன்று அணிகள், மூன்றாவது அணி காற்று என்று கண்டுபிடித்து, அதற்கும் சேர்த்துக் கணக்கு வைத்த ஒரே மனிதர் எங்கள் ஊர் ரேடியோசெட்டுதான்.

அது அவர் பெயரல்ல. பெயர் என்று ஏதோ ஒன்று இருந்தது. அதை ரேஷன் கடையில் மட்டும்தான் பயன்படுத்துவார்கள். ஓடைப்பட்டியிலிருந்து பண்ணைப்புரம் வரைக்கும் கல்யாணம், காதுகுத்து, சாமிகும்பிடு எதுவானாலும் ஒலிபெருக்கி கட்டுவது அவர் தொழில். தொழிலே பெயராகிவிட்டது. அவர் மகனைப் பள்ளிக்கூடத்தில் 'சின்ன ரேடியோ' என்றுதான் கூப்பிட்டோம். வாத்தியாரான என் அப்பாகூட ஒருநாள் வருகைப் பதிவு எடுக்கும்போது வாய் தவறி அப்படியே கூப்பிட்டுவிட்டார். அவனும் 'உள்ளேன் ஐயா' என்றான்.

எங்கள் ஊர்க் கால்பந்துப் போட்டி ஆடி மாதத்தில் நடக்கும். ஆடியில் இந்தப் பள்ளத்தாக்கில் அடிக்கிற காற்றில் வேட்டி கட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டுவதே பெரிய சாகசம். பிறகு ஏன் அந்த மாதத்தில் வைத்தார்கள் என்றால், அப்போதுதான் குமுளிக்கு அந்தப் பக்கம் மழை பிடித்துக்கொண்டு மைதானமெல்லாம் சேறாகிக் கிடக்கும். நல்ல நல்ல மலையாள ஆட்டக்காரர்கள் ஆட இடமில்லாமல் மலையிறங்கி வருவார்கள். வந்து எங்கள் காற்றைப் பார்த்துவிட்டு, "இது எந்தா சாரே" என்று தலையில் கை வைப்பார்கள்.

மேற்குக் கோலிலிருந்து உதைத்தால் பந்து பஸ் ஸ்டாப்பில் போய் நிற்கும். கிழக்கிலிருந்து உதைத்தால் உதைத்தவன் தலையிலேயே வந்து விழும். ஒருமுறை எங்கள் கோல்கீப்பர் உதைத்த பந்து மேலே போய், யோசித்து, திரும்பி வந்து எங்கள் வலைக்குள்ளேயே நுழைந்தது. ரேடியோசெட்டு மைக்கில் கோல் போட்டவர் பெயரை 'காத்து' என்று அறிவித்தார். ரெஃப்ரி அதை ஒப்புக்கொள்ளவில்லை. ரேடியோசெட்டு ரெஃப்ரியை ஒப்புக்கொள்ளவில்லை.

இப்படிப்பட்ட ஊரில் பந்தைக் குட்டிக் குட்டியாகத் தட்டி ஆடுவதெல்லாம் நடக்காது. பின்னால் நிற்பவன் ஓங்கி உதைப்பான். பந்து எல்லோர் தலைக்கு மேலும் பறக்கும். எதிரணியின் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் ஓடி, பந்து இறங்கும் இடத்தில் சரியாகப் போய் நிற்க ஒருவன் வேண்டும். அவனை எங்கள் ஊரில் ஓட்டக்காரர் என்போம். மற்றப் பத்து பேரும் ஆடலாம், ஊர் பேசுவது ஓட்டக்காரரைப் பற்றி மட்டும்தான். அந்தக் காலத்து ஓட்டக்காரர் பெரியவரா, இந்தக் காலத்து ஆள் பெரியவரா என்று ஒப்பிடுவதற்காகவே ரேடியோசெட்டு பிறந்து வந்திருந்தார்.

ஒப்பிடுவதை ஆட்டம் முடிந்தபிறகு செய்யலாம் அல்லவா? செய்யமாட்டார். நேர்முக வர்ணனையின் நடுவில்தான் அவருக்குப் பழைய ஆட்டம் ஞாபகம் வரும். "பந்து இப்ப இடது பக்கம் போகுது. இதே எடத்துலதான் அன்னைக்குச் சீனிச்சாமி பந்த வாங்குனான். வெறுங்காலு. தோல் பந்து, மழையில நனைஞ்சு நெல்லு மூட்ட கனம் கனக்குது" என்று ஆரம்பித்தால், கண்முன்னால் நடக்கிற ஆட்டம் அனாதையாகிவிடும். ஒருநாள் அவர் சீனிச்சாமியைப் பாதி மைதானம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்திருந்தபோது இங்கே நிஜமாகவே கோல் விழுந்து கூட்டம் கத்தியது. "சத்தம் போடாதீக, அவன் இன்னும் கோலுக்கே வரல" என்று அதட்டினார்.

சீனிச்சாமிக்கு அடுத்த காலத்து ஓட்டக்காரன் நான். மைக்கில் எனக்கு 'வாத்தியார் மகன்' என்று பெயர். குமுளி அணியோடு ஒரு இறுதி ஆட்டம். நடுக்கோட்டிலிருந்து ஓடி, பந்தை நெஞ்சில் வாங்கி, கீழே விழாமல் வலைக்குள் அடித்தேன். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல காரியம் எதுவும் நான் செய்ததில்லை, கல்யாணம் உட்பட. பையன்கள் என்னைத் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். அப்போது ஒலிபெருக்கி சொன்னது:

"அருமையான கோல். இதுல முக்காவாசி காத்து போட்டது. மிச்சத்த நம்ம வாத்தியார் மகன் போட்டாரு."

இறங்கி நேராக அவரிடம் போனேன். "அண்ணே, உண்மையச் சொல்லுங்க. இந்த ஊர் ஓட்டக்காரர்கள்ல நான் எத்தனாவது?"

"ரெண்டாவதுய்யா."

"மொத ஆளு?"

"சீனிச்சாமி. வெறுங்கால்ல ஓடுனவன்யா அவன்."

"நானும் வெறுங்கால்ல ஓடிக் காட்டட்டுமா?"

"ஓடு. யாரு வேணாம்னா?"

ஓடினேன். அடுத்த வருடப் பயிற்சியில் நெருஞ்சி முள் ஏறிக் கால் வீங்கி, போட்டியை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த வருடமும் என்னை ரெண்டாவது இடத்திலேயே வைத்திருந்தார். ஆடாமலேயே இடத்தைத் தக்கவைத்த பெருமை எனக்கு உண்டு.

என் கல்யாணத்துக்கும் அவர்தான் ஒலிபெருக்கி. தாலி கட்டி முடித்ததும் மைக்கைப் பிடித்து, "மணமகன் நம்ம ஊர் ஓட்டக்காரர்கள்ல ரெண்டாவது ஆளு" என்று மண்டபம் அதிர அறிவித்தார். என் மாமனார் மதுரைக்காரர். விவரம் தெரியாதவர். என் அப்பாவின் காதருகே குனிந்து, "சம்பந்தி, மொத ஆளுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்று கேட்டார். இன்றைக்கும் நான் பால் வாங்க மறந்து வந்தால் என் மனைவி ஒன்றும் திட்டுவதில்லை. "விடுங்க, ரெண்டாவதுதானே" என்பாள்.

ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் வந்தபோது ரேடியோசெட்டுக்குத் தூக்கம் போனது. பஸ் ஏறிப் போய் அங்கிருந்த பொறியாளர் ஒருவரைப் பார்த்து, காத்தாடி வைத்து எங்கள் காற்றுக் கணக்கையெல்லாம் குழப்பிவிட்டதாகச் சண்டை பிடித்திருக்கிறார். பொறியாளர் டீ வாங்கிக் கொடுத்து அவரைப் பஸ் ஏற்றிவிட்டார்.

"அண்ணே, காத்து நம்மளத் தாண்டித்தான அங்கன போகுது? அங்க காத்தாடி வச்சா நமக்கென்ன?" என்று நான் கேட்டேன்.

"வைகை அணையில கதவ அடைச்சா தண்ணி பின்னாடி தேங்குதா இல்லையா? அங்கன அடைச்சா காத்து இங்கன தேங்காதா?"

அன்றிலிருந்து ஒவ்வொரு ஓட்டக்காரர் கணக்கிலும் தேங்கிய காற்றுக்கென்று தனியாகக் கழித்துக்கொண்டார்.

நான் வேலைக்காகச் சென்னைக்கு வந்துவிட்டேன். ஆனாலும் ஆடி பிறந்தால் ரேடியோசெட்டுக்குப் போன் போட்டுவிடுவேன். எனக்குப் பதவி உயர்வு வந்தது, தலையில் வழுக்கை வந்தது, மகளுக்குக் கல்லூரியில் இடம் வந்தது. முதல் இடம் மட்டும் வரவில்லை. சிரிக்கலாம். ஆனால் ஐம்பது வயதுக்குமேல் ஒரு மனிதன் மனதுக்குள் எதைத் தூக்கிக்கொண்டு திரிகிறான் என்று யாருக்குத் தெரியும்? அவர் வாயால் ஒரே ஒரு தடவை 'மொத ஆளு நீதான்யா' என்று கேட்டுவிடவேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

சில வருடங்களுக்கு முன் போனில் புதிதாக ஒரு குண்டு போட்டார்.

"மொத ஆளு இப்ப சீனிச்சாமி இல்லய்யா. பவித்ரான்னு ஒரு பிள்ள வந்திருக்கு. அவ அம்மா ஏலக்காத் தோட்டத்துக்கு ஜீப்புல வேலைக்குப் போகுது. பிள்ள ஓடுனா ஜீப்பு தோத்துரும்."

"அப்ப நான் மூணாவதா?"

"நீ ரெண்டாவதுதான். ஒன் எடத்த யாரு தொட்டா?"

பெண்களுக்கும் போட்டி நடத்த ஆரம்பித்திருந்தார்கள். பெண்பிள்ளையை ஆம்பிளைகளோடு எப்படி ஒப்பிடுவது என்று ஊரில் பெரிய தலைகள் வாதாடிக்கொண்டிருந்தபோது, ரேடியோசெட்டு காற்றைக் கழித்தார், பந்தின் கனத்தைக் கழித்தார், வேறெதையும் கழிக்கவில்லை.

இந்த ஆடியில் போட்டிக்கு ஐம்பதாவது வருடம். கமிட்டிக்காரர்கள் பெரிய ஃப்ளெக்ஸ் அடித்தார்கள். நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு வெற்றிடம் விட்டு, கீழே 'நம் ஊரின் முதல் ஓட்டக்காரர்' என்று போட்டிருந்தார்கள். பெண்கள் இறுதி ஆட்டம் முடிந்ததும் ரேடியோசெட்டு பெயரை அறிவிப்பார். உடனே அங்கே படம் ஒட்டப்படும். நான் மீசைக்குச் சாயம் அடித்துக்கொண்டு ரயில் ஏறினேன். மனைவி வாசலில் நின்று, "வெறுங்கையோட வராதீங்க" என்றாள்.

மைதானத்தை ஒட்டிய டீக்கடையில் சீனிச்சாமி அண்ணன் உட்கார்ந்திருந்தார். எழுபது வயது, முழங்காலில் பட்டை. மனதைக் கல்லாக்கிக்கொண்டு, "அந்தப் பிள்ள இல்லன்னா ஃப்ளெக்ஸுல படம் உங்களுதுதான்ணே" என்றேன்.

"எனக்கா? முப்பது வருசமா ரேடியோசெட்டு எங்கிட்ட ஒம் பேரச் சொல்லியே கொல்லுறான். வாத்தியார் மகன் ஓட்டம் வருமாடா ஒனக்கு, நீ ரெண்டாவதுதான்னு."

எனக்கு டீ புரையேறியது. அப்போது சீருடையோடு தண்ணீர் வாங்க வந்த பவித்ரா இதைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "எங்கிட்டயும் ரெண்டாவதுன்னுதான் சொன்னாக. மொத ஆளு சீனிச்சாமி தாத்தாவாம்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு சிரித்த சிரிப்பில் கடைக்காரர் கண்ணாடி டம்ளர்களைத் தள்ளி வைத்தார். பக்கத்தில் நின்ற ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. சின்ன ரேடியோ. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவனுக்கும் என்னைப்போலவே வழுக்கை.

"சிரிங்கப்பா. அம்மா போனதுலேருந்து அப்பாவத் திருப்பூருக்குக் கூப்புடுறேன். மொத ஆளப் பாக்காம வரமாட்டேங்கிறாரு. போன மாசம் கொழா ஸ்பீக்கர் கட்ட ஏறி ஏணியிலேருந்து விழுந்துட்டாரு. நல்ல காலம், வைக்கோல் கெடந்துச்சு. இந்தத் தடவ சத்தியம் வாங்கிட்டேன். இன்னைக்கு மொத ஆள அறிவிச்ச கையோட எங்கூட வந்துருவாரு. பை கார்லதான் இருக்கு."

டீ ஆறிப்போனது. சீனிச்சாமி அண்ணன் மெதுவாக, "அப்ப எனக்கு வேணாம்ப்பா" என்றார். எனக்கும் அதுவேதான் தோன்றியது. முப்பது வருட ஆசை அரை நிமிடத்தில் கசந்துபோனது. நேராக மைக் மேடைக்குப் போனேன். ரேடியோசெட்டு ஒயரைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார்.

"அண்ணே, மொத எடம் எனக்கு வேணாம்ணே."

"ஒனக்கு யாருய்யா குடுக்குறேன்னா?"

திரும்பி வந்தேன். எங்கள் இரண்டு பேரையும் விட்டால் மிச்சம் பவித்ராதான். அவள் முகம் சுருங்கிவிட்டது. "நான் வேணும்னே பந்த விட்டுறவா தாத்தா?" என்று சீனிச்சாமி அண்ணனைக் கேட்டாள்.

"விட்டா கண்டுபிடிச்சிருவான். அவன ஏமாத்தி இங்கன வைக்கவேணாம். நீ ஓடு ஆத்தா."

இரண்டாம் பாதியில் பவித்ராவின் அணி கிழக்கிலிருந்து ஆடியது. முகத்துக்கு நேரே காற்று. பின்னாலிருந்த பெண் ஓங்கி உதைத்தாள். பந்து ஏறியது. எதிரணிப் பெண்கள் எல்லோரும் அது விழும் இடத்தைக் கணித்துப் பின்னால் ஓடினார்கள். பவித்ராவும் அவர்களோடு ஓடிப்போய், யாரும் எதிர்பாராத இடத்தில் சட்டென்று நின்றாள். பந்தும் வானத்தில் காற்றில் முட்டி நின்று, செங்குத்தாக அவள் காலடியில் வந்து இறங்கியது. திரும்பினாள், இரண்டு பேரைத் தாண்டினாள், கோல்.

கூட்டம் எழுந்து நின்றது. ஒலிபெருக்கியில் சத்தமில்லை. ஐம்பது வருடத்தில் முதல் முறையாக ரேடியோசெட்டுக்குப் பழைய ஆட்டம் எதுவும் ஞாபகம் வரவில்லை. எதிர்க்காற்றில் போட்ட கோல், கழிப்பதற்கு ஒன்றுமில்லை. சின்ன ரேடியோ காரை நோக்கி நடந்தான்.

"கோல்" என்றது ஒலிபெருக்கி. "பவித்ரா. இப்படி ஒரு ஓட்டத்த இந்த ஊரு பாத்ததில்ல."

சீனிச்சாமி அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒலிபெருக்கி தொடர்ந்தது: "ஆனா ஒண்ணு. பந்த வானத்துலயே புடிச்சு நிறுத்தி, பிள்ள காலுல கொண்டாந்து குடுத்தது யாரு? காத்து. அதையும் கழிக்கணுமில்ல? ரெண்டாவது."

மைதானமே சிரித்தது, பாதிப் பேர் திட்டினார்கள். பவித்ரா இடுப்பில் கைவைத்து மேடையைப் பார்த்துச் சிரித்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கமிட்டிச் செயலாளர் மேடைக்கு ஓடினார். மைக்கை அணைக்க மறந்திருந்ததால் பேச்சு ஊருக்கே கேட்டது.

"என்னண்ணே இது? ஃப்ளெக்ஸுல மொத எடம் காலியாக் கெடக்கே?"

"கெடக்கட்டும்யா. மொத ஆளு வந்துட்டா, அப்புறம் நான் எதுக்கு ஆடிக்கு ஆடி இங்கன வரணும்?"

காரருகே நின்றிருந்த சின்ன ரேடியோ தலையில் அடித்துக்கொண்டான். பிறகு கதவைத் திறந்து பையை வெளியே எடுத்தான். "இனிமே ஏணியில மட்டும் ஏறக்கூடாது, ஆமா" என்றான், யாரிடம் என்றில்லாமல். ஏணியில் ஏறிக் குழாய் ஒலிபெருக்கி கட்டும் வேலையைப் பவித்ராவின் அணி ஏற்றுக்கொண்டது.

நான் சீனிச்சாமி அண்ணன் தோளில் சாய்ந்து, வெட்கத்தை விட்டு அழுதேன். மீசைச் சாயம் கரைந்து சட்டையெல்லாம் கறுப்பு. வீட்டுக்கு வெறுங்கையோடுதான் போனேன். மனைவி கேட்டாள், அவளிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன்: ரேடியோசெட்டு இல்லாத ஊரில் முதல் ஆளாக இருந்து நான் என்ன செய்யப்போகிறேன்?