டொய்ங் அண்ணாத்தே வைத்த பெயர்கள்

பூந்தமல்லியில் டொய்ங் அண்ணாத்தேயிடம் நெற்றியைக் கொடுக்காத மனிதரே கிடையாது. காது டாக்டர் கிளினிக்கின் முன்னறை உதவியாளர் அவர். டியூனிங் ஃபோர்க் என்கிற இரும்புக் கவையை முழங்கையில் தட்டி, 'டொய்ங்' என்று அதிரவிட்டு, நம் நெற்றியில் ஊன்றுவார். எந்தக் காதில் அதிகம் கேட்கிறது என்று நாம் காட்ட வேண்டும்.

அவருடைய கோபமெல்லாம் பெயர்கள் மேல்தான்.

"வெபர் டெஸ்ட்டு, ரின்னே டெஸ்ட்டு... அல்லாம் ஜெர்மன் டாக்டருங்கோ பேரு. மண்டையக் குட்த்தவன் பேரு எங்க நைனா?"

அவரே மாற்றிவிட்டார். ரின்னே சோதனையில் பாசிட்டிவ் என்றால் காது நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கொரோனா முடிந்த கையோடு 'பாசிட்டிவ்' என்ற சொல்லைக் கேட்டு, "ஐயய்யோ!" என்று புருஷனைத் தள்ளி உட்காரச் சொன்ன வானகரம் சரோஜாம்மாவின் பெயரை ரின்னே சோதனைக்கு வைத்தார். டாக்டரும் குழம்பிப்போய், திருவேற்காடு ஏழுமலையின் சீட்டில் 'சரோஜாம்மா பாசிட்டிவ்' என்று எழுதிக் கொடுத்தார். சீட்டை மனைவி படித்துவிட, ஏழுமலை வீட்டில் இரண்டு நாள் அடுப்பு எரியவில்லை.

எனக்குக் கால் சென்டர் வேலை. சளி பிடித்து இடது காது அடைத்ததும், வேலை போச்சு என்றே நினைத்தேன். அண்ணாத்தே நெற்றியில் கவையை வைத்தார். என்ன கூத்து! அடைத்த காதில்தான் கணீரென்று கேட்டது. இதைச் சொன்னால் பைத்தியம் என்பாரே என்று வலது காதைக் காட்டினேன்.

"நல்ல காதுலியா? அப்ப நரம்பு பூட்ச்சி மாமே. மருந்துக்கு மசியாது."

"ஐயோ அண்ணாத்தே, பொய் சொல்லிட்டேன்! இடதுலதான் கேட்டுச்சு!"

"கேக்காத காதுல கேட்டா வெறும் அடைப்பு. மாத்திரைலியே சரியாப் பூடும். மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?"

பத்து நாளில் காது திறந்தது. அன்றிலிருந்து நெற்றியில் வைக்கும் வெபர் சோதனைக்கு 'சேகர் டெஸ்ட்' என்று பெயர். சேகர் நான்தான்.

போன மாதம் மனைவியை அங்கே அழைத்துப் போனேன். நோயாளி நாற்காலியில் அண்ணாத்தே உட்கார்ந்திருந்தார். ஒரு வாரமாக இடது காது மந்தமாம். டாக்டர் கவையைத் தட்டினார். அது நெற்றியைத் தொடுமுன்பே அண்ணாத்தேயின் விரல் இடது காதைக் காட்டிவிட்டது.

"இன்னும் வைக்கவே இல்லையேண்ணே!"

"கேட்ச்சு டாக்டர். நல்லாவே கேட்ச்சு."

விரலை இறக்கவேயில்லை. வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். வலது காதைக் காட்டினால் நரம்பு என்று எனக்கும் தெரியும்.

"ஆமா டாக்டர்," என்றேன். "வாசல்ல நின்ன எனக்கே கேட்டுச்சு."