கல்யாண வாசலில் உறுமி

நோயாளிக்கு உதவ வரும் எந்தக் கருவியும் முதலில் கூட இருப்பவனைத்தான் நோயாளியாக்கும். பிள்ளைகளே, உங்கள் அம்மாவுக்கு நடுக்குவாதம் வந்த பிறகு நான் கற்ற பாடம் இது. தம்பின் ஊரில் நடந்த கல்யாணக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிச் சிரிக்கிறீர்கள். நடந்தது இதுதான். (அன்று நீங்கள் கோலாலம்பூரில் வேலையில் இருந்தீர்கள். தப்பித்தீர்கள்.)

அம்மாவுக்கு வாசலைக் கண்டால் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். மனம் போகச் சொல்லும், பாதம் கேட்காது. மருத்துவமனையில் நடைப்பயிற்சி கொடுத்த பெண் என் கைப்பேசியில் ஒரு செயலியைப் போட்டுத் தந்தாள். 'டக், டக்' என்று தாளம் கேட்கும்; அதற்கேற்பக் காலை எடுத்து வைத்தால் நடை வந்துவிடும். வந்தது. ஆனால் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"பல்லி கத்துற மாதிரி இருக்கு. பல்லி சொல்லியா நான் நடக்கணும்?"

அதில் நமக்கு வேண்டிய ஒலியையும் போடலாம் என்று கண்டுபிடித்தேன். (ஆறாம் வகுப்போடு நின்றவன். அந்தப் பெருமையில் கொஞ்ச நாள் மிதந்தேன்.) தோட்டத்து மாரியாத்தா கோயில் திருவிழாவில் பதிவு செய்திருந்த உறுமி மேளத்தைப் போட்டேன். அம்மா பால்குடம் எடுத்தவள் போல வீடெல்லாம் நடந்தாள்.

அப்போதுதான் உங்கள் சித்தி மகளுக்குக் கல்யாணம். சக்கர நாற்காலி வேண்டவே வேண்டாம் என்றாள் அம்மா.

"நான் வளர்த்த புள்ள. நடந்து போயி அட்சதை போடணும். அங்கயும் கால் ஒட்டிக்கிச்சுன்னா இனிமே என்னை எங்கயும் கூப்பிடாதீங்க. வீட்டோட கெடக்கறேன்."

மண்டப வாசலில் கால் ஒட்டிக்கொண்டது. அம்மா தாளம் கேட்கக் காதில் மாட்டும் கருவிக்குச் சார்ஜ் போட மறந்திருந்தேன். மேளக்காரர்கள் பசியாறப் போயிருந்தார்கள். வேறு வழியில்லாமல் கைப்பேசியை முழுச் சத்தத்தில் திறந்துவிட்டேன். உறுமி முழங்கியது. அம்மா நடந்தாள்.

வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அத்தைக்குச் சாமி வந்துவிட்டது.

பன்னீர்ச் செம்பு ஒரு பக்கம் பறந்தது. சந்தனக் கிண்ணம் என் வேட்டி மேல். "டேய்! யாருடா என்னை அழைச்சது?" என்று ஆடினார் அத்தை. (நான் கைப்பேசியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். சாமிக்குத் தெரியாதா?)

மாப்பிள்ளையின் அப்பா ஓடி வந்தார். "அண்ணே, அத நிறுத்துங்க லா!" (அந்தப் பதற்றத்திலும் நம் மலேசிய 'லா' அவரை விடவில்லை.)

நிறுத்தினேன். சாமி தணிந்தது. அம்மா நட்டநடு மண்டபத்தில் நின்றுவிட்டாள். மறுபடி போட்டேன். அம்மா நடந்தாள், சாமி எழுந்தது.

"நிறுத்துங்கண்ணே!"

"நிறுத்துனா என் பொண்டாட்டி நின்னுருவா லா!"

என் கை நடுங்கிய நடுக்கத்தில், நோய் எனக்குத்தான் என்று பலர் நினைத்திருப்பார்கள். வீட்டுக்கே திரும்பிவிடலாம் போலிருந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"ஏங்க, நிறுத்தாதீங்க."

நிறுத்தவில்லை. ஆடிக்கொண்டே வந்த அத்தை அம்மாவின் கையைப் பிடித்து, "வாடி மகளே!" என்றார். இருவரும் ஒரே தாளத்தில் மேடைவரை போனார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தாலி கட்டும்போது அம்மா நின்றபடியே அட்சதை போட்டாள். நான் ஒரு தூணோரம் சந்தன வேட்டியோடு சாய்ந்து கிடந்தேன்.

அதிலிருந்து அம்மா ஒரு விசேஷத்தையும் விடுவதில்லை. எனக்குத்தான் ஓய்வில்லை. போன வாரம் ரெம்பா ஊர்ச் சொந்தக்காரர்கள் காதுகுத்துக்கு அழைத்தார்கள். சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று கேட்டார்கள். நான் சாக்கு யோசிப்பதற்குள் அம்மா கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மூணு பேரு லா. நான், அவரு, மாரியாத்தா."