வெள்ளைக் கரு அவருக்கு, மஞ்சள் கரு எனக்கு

பேரன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டாலே இப்போது எனக்குப் பகீர் என்கிறது, ஏனென்றால் இந்த வீட்டில் நலம் தாங்க முடியாத அளவுக்குப் போய்விட்டது. போனில் சொல்லலாம்தான். ஆனால் வீடோ இரண்டே அறை, இவருக்கோ பாம்புக் காது. தவிர, தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவளே கடிதம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவது?

என் முட்டி இரண்டும் தேய்ந்துபோன கதை உனக்குத் தெரியும். பார்சல் பிரிவில் நாள் முழுக்க நின்றபடி எடை போட்டுவிட்டு, மாலையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வரும். டாக்டர் இரண்டு முட்டியையும் மாற்றிவிடலாம் என்றார். லிஃப்ட் இல்லாத வீட்டுக்கு ஆபரேஷன் முடிந்து எப்படி ஏறுவது என்று கேட்டேன். "அதுக்கென்னம்மா, நாற்காலியில உட்கார வச்சு நாலு பேர் தூக்கிட்டுப் போயிடலாம்" என்றார். எனக்கு வந்ததே கோபம். "நாலு பேர் தூக்குற நாள் தானா வரும் டாக்டர், அதுக்கு இப்பவே ஒத்திகை வேண்டாம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இவர் பின்னாலேயே வந்தார். வழியெல்லாம் வாயே திறக்கவில்லை. அச்சகத்தில் பிழை திருத்துபவர்தானே, ஊர்ப்பட்ட எழுத்தைப் படித்துப் படித்து, சொந்தமாகப் பேச அவரிடம் சொல் மிஞ்சுவதில்லை.

அதற்கு அடுத்த வாரம் போய் ஜிம்மில் சேர்ந்துவிட்டார்! யார்? ஜாம் பாட்டில் மூடியைத் திறக்கக்கூட என்னிடம் நீட்டுகிற மனிதர். சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே வயிறு எட்டிப் பார்க்கும், குனிந்து செருப்பு மாட்டினால் நிமிர்வதற்குள் மூச்சு வாங்கும், அந்த மனிதர்தான். அன்றிலிருந்து வீட்டில் கடவுளுக்கு அடுத்தபடி ஜிம் மாஸ்டர். சர்க்கரை கூடாது, மாஸ்டர் சொல்லிவிட்டார். சோறு ஒரு கிண்ணத்துக்கு மேல் கூடாது, மாஸ்டர் சொல்லிவிட்டார். சமையல் மேடையில் ஒரு தராசு வந்து உட்கார்ந்தது. நான் அங்கே பார்சலை எடை போட்டுவிட்டு வந்தால், இவர் இங்கே வேகவைத்த கோழித்துண்டை எடை போட்டுக்கொண்டு நிற்கிறார். பயறு ஊறுகிறது, கீரை வேகிறது, வீடு முழுக்க ஆஸ்பத்திரிச் சாப்பாட்டு வாசனை. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன் அக்கா, இந்த முட்டையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. காலையில் ஒரு தட்டு நிறைய முட்டை அவித்து வெள்ளையை மட்டும் தின்றுவிட்டு மஞ்சளை அப்படியே வைத்துவிடுகிறார். நம் அம்மா வளர்த்த பெண் நான், சாப்பாட்டைக் குப்பையில் போட எனக்குக் கை வருமா? மிளகும் உப்பும் தூவி அத்தனையையும் நானே சாப்பிட்டேன். வெள்ளை தின்றவர் நாளுக்கு நாள் சிற்பமாகிக்கொண்டு வந்தார். மஞ்சள் தின்றவள் என்ன ஆனாள் என்று நீயே ஊகித்துக்கொள்.

பலம் வந்த கை சும்மா இருக்குமா? குழாயை இறுக்கி மூடினார், திருகு கையோடு வந்துவிட்டது. அலமாரிக் கதவைத் திறந்தார், அது கீல் இல்லாமல் அவர் கையில் நின்றது. ஜாம் பாட்டிலை இப்போது அவர் மூடிவைத்தால் திறக்க இந்தக் கட்டிடத்தில் ஆள் இல்லை. தொப்பை போன இடம் தெரியவில்லை, தோள்பட்டை மட்டும் சட்டையைக் கிழித்துக்கொண்டு வருகிறது. கீழ்வீட்டுத் தையல்காரம்மா இடுப்பைப் பிடித்தும் தோளை விட்டும் தைத்துத் தைத்து அலுத்துப்போய், ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கோவிச்சுக்காதீங்க, ஐம்பது தாண்டின ஆம்பளை திடீர்னு உடம்பை ஏத்தினா, யாருக்குக் காட்டன்னு கொஞ்சம் பார்த்துக்கணும்" என்று கொளுத்திப் போட்டாள். சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். ஆனால் அன்று முழுக்க எனக்கு மனசே சரியில்லை. கண்ணாடி முன்னால் கையை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம், "யாருக்குங்க இதெல்லாம்?" என்று கேட்டேன். காது மடல் சிவந்து, "சும்மாதான்" என்றார். பிறகு சம்பந்தமே இல்லாமல், "ஏம்மா, உன் எடை என்ன?" என்றார்.

அக்கா, நான் அரசாங்கத் தராசின் பின்னால் பாதி வாழ்க்கையைக் கழித்தவள். பொட்டலத்தைக் கையில் வாங்கும்போதே எடையைச் சொல்லிவிடுவேன். அந்த நான், கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "அறுபத்திரண்டு" என்று சொன்னேன். எழுபதைத் தாண்டி எத்தனையோ நாளாகிறது. கிண்டல் செய்யத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். தலையாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் வாசலில் ஒரு மணல் மூட்டை. அதை என் பழைய போர்வையில் சுற்றி, தினமும் காலையில் கீழே கொண்டுபோய் மறுபடி மேலே தூக்கி வருகிறார். மாஸ்டர் சொல்லியிருப்பார் என்று விட்டுவிட்டேன். நேற்றுக் காலை பால் வாங்கக் கதவைத் திறந்தவள், மாடி வளைவில் அவர் குரல் கேட்டு எட்டிப் பார்த்தேன். மூட்டையைத் தோளில் போடவில்லை அக்கா. குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வருகிறார். திருப்பத்தில் சுவரில் இடிக்காமல் பக்கவாட்டில் திரும்புகிறார். அப்படியும் லேசாக உரசிவிட்டது போல. "அய்யோ, வலிக்குதா?" என்று மூட்டையைக் கேட்கிறார். "அவ்ளோதாம்மா. இன்னும் பத்துப் படிதான். கண்ணை மூடிக்கோ."

நிமிர்ந்து என்னைப் பார்த்தவர், திருடன் மாட்டிக்கொண்ட மாதிரி விழித்தார். மூட்டையைக் கீழே வைக்கவும் தோன்றாமல், மூச்சு வாங்கிக்கொண்டே, "நாலு பேர் வேண்டாம்னு சொன்னியே. ஒருத்தன் போதுமா?" என்றார்.

அந்தப் பாழாய்ப்போன தையல்காரம்மாவை நினைத்துக்கொண்டு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டேன். டாக்டரிடம் அன்றே தேதி வாங்கி வந்துவிட்டார், அடுத்த மாதம் முதல் வாரம். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்த பிறகுதான் எனக்கு அந்த அறுபத்திரண்டு உறைத்தது. இந்த மனிதர் ஒரு பொய்யைத் தூக்கிப் பழகியிருக்கிறார்! நிஜத்தைத் தூக்கினால் இரண்டாவது மாடி வளைவிலேயே இடுப்புப் பிடித்துக்கொள்ளும். இருவரும் சேர்ந்து உருண்டு தையல்காரம்மா வாசலில்தான் போய் விழுவோம். பட்டினி கிடந்து பார்த்தேன், மத்தியானத்துக்குள் தலை சுற்றியது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தால், அவர் பெருமையாக மூட்டையைத் தட்டிக்கொடுக்கிறார். எப்படிச் சொல்வேன்? என் முட்டி வலி எனக்குப் பழகிவிட்டது. அவருக்கு ஒன்று ஆனால் என்னால் தாங்க முடியாது. ஆகவே ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். நீ ஒரு உதவி செய். அவருக்குப் போன் போட்டு, உனக்குத் தெரிந்த யாருக்கோ இந்த ஆபரேஷன் சரிப்படவில்லை என்று சொல்லிவிடு. நீ சொன்னால் கேட்பார். பொய் சொல்வது நம் வீட்டுப் பெண்களுக்கு ஒன்றும் புதிதில்லையே.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். பேரப் பிள்ளைகளை என் சார்பில் ஆளுக்கொரு முத்தம் கொடுத்து ஆசீர்வதி. முட்டையை முழுசாகச் சாப்பிடுங்கள்.

என்றும் உன் பாசமுள்ள,
தங்கை

பின்குறிப்பு: அக்கா, போன் போடாதே! மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு. கடிதத்தை மடித்த பிறகு எனக்கு ஒரு ஆசை வந்தது. அறுபத்திரண்டு எப்படி இருக்கும் என்று பார்க்கலாமே, நான் அதைப் பார்த்தது கல்யாணமான புதிதில்தானே. இவர் குளிக்கப் போன சமயம் மூட்டையைச் சாய்த்துத் தொட்டேன். தொட்டதுமே கை சொல்லிவிட்டது, இது அறுபத்திரண்டு இல்லை. ஜிம்மில் சேர்ந்த கையோடு இவர் வாங்கிப்போட்ட எடை இயந்திரத்தை இழுத்துப் போட்டு, மூட்டையை அதன்மேல் புரட்டி ஏற்றினேன். அதை உருட்டிவிட்டு நானும் ஏறி நின்றேன். என்னைவிட மூட்டை இரண்டு கிலோ கூட! ஈரத் தலையோடு வந்தவர் பார்த்துவிட்டார். "நான் சொன்னது அறுபத்திரண்டுதானே?" என்றேன். "கல்யாணமானதிலேர்ந்து அதே எண்ணைத்தாம்மா சொல்ற. அத்தனை வருஷமா மாறாத எண் தப்பாத்தான் இருக்கும்னு டாக்டர் சீட்டைப் பார்த்தேன். தப்பைத் திருத்துறதுதானே என் வேலை" என்றார். "அப்ப அந்த ரெண்டு கிலோ?" என்றேன். "மாசம் முடியறதுக்குள்ள இன்னும் எவ்வளவு மஞ்சள் கரு இருக்கு" என்றார்.

ஆபரேஷன் உண்டு. நீ கட்டாயம் வா. ஆனால் வரும்போது உன் பெட்டியை நீயேதான் மேலே தூக்கி வரவேண்டும். அவர் கையில் நான் இருப்பேன்.