ஹெலிகாப்டருக்கு இடம் விடுங்கள்

"இன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள இது பறக்கலைன்னா, ஜன்னலோரம் உனக்கு!"

லிஃப்ட் மெக்கானிக் இந்தச் சபதத்தைப் போட்டபோது அவர் வாயோரத்தில் பல் தேய்த்த நுரைகூட இன்னும் காயவில்லை.

"பறந்துட்டா?" என்றாள் மனைவி.

"பறந்துட்டா, நீ இனிமே ஜன்னல் பேச்சையே எடுக்கக் கூடாது."

"சரி" என்றாள். அவ்வளவு சீக்கிரம் அவள் சரி சொன்னதில் நம்மவருக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அந்த வீட்டின் கூடத்தில் இருப்பது ஒரே ஒரு ஜன்னல். அதன் அடியில் பதினோரு வருடமாக அவருடைய சாய்வு நாற்காலி பட்டா போட்டு உட்கார்ந்திருந்தது. மனைவி தையற்காரி. பின்னறையில் பட்டப்பகலிலும் டியூப் லைட்டைப் போட்டுக்கொண்டு, கறுப்புத் துணியில் கறுப்பு நூலைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருந்தாள். மெஷினை ஜன்னலோரம் போடலாமே என்று இரண்டு வருடமாகக் கேட்கிறாள். "பாக்கலாம்" என்று இவரும் இரண்டு வருடமாகச் சொல்கிறார்.

ஹெலிகாப்டர் முந்தின நாள் சாயங்காலம்தான் வீட்டுக்கு வந்தது. சிவப்பு நிறம், ஒரு சாண் நீளம், கூடவே ஒரு ரிமோட். ஐம்பது வயதில் எதற்கு இது என்று கேட்கக் கூடாது. இருபத்திரண்டு வருடமாக ஊரில் உள்ளவர்களையெல்லாம் கயிற்றில் கட்டி மேலே ஏற்றிக்கொண்டிருக்கிற மனிதருக்கு, கயிறே இல்லாமல் ஒன்று மேலே போவதைப் பார்க்க ஆசை வராதா? வந்துவிட்டது.

முதல் தடவை அது முழங்கால் உயரத்துக்கு ஒழுங்காகத்தான் எழும்பியது. கொஞ்சம் இடது பக்கமாக நழுவியது, அவ்வளவுதான். வேறு யாராக இருந்தாலும் ரிமோட்டில் உள்ள குட்டிப் பொத்தானை வலது பக்கம் தட்டிவிட்டிருப்பார்கள். வேலையிடத்தில் இவருக்குப் பெயரே 'கழட்டிமாட்டி'. கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினால் சரியாகாத கோளாறு இந்த உலகத்தில் இல்லை என்பது அவர் சித்தாந்தம். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று இருந்த நாலு இறக்கையையும் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். அதிலிருந்து ஹெலிகாப்டர் குளிர்ஜுரம் வந்ததுபோல நடுங்கியது, நின்ற இடத்திலேயே சுற்றியது, நகர்ந்து நகர்ந்து பீரோவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. எழும்ப மட்டும் மறுத்தது.

காலை முழுக்க வைத்தியம் நடந்தது. ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டார். ஹெலிகாப்டரை ஒரு மணி நேரம் சார்ஜில் வைத்தார். காற்றுதான் எதிரி என்று மின்விசிறியை நிறுத்தினார். ஹெலிகாப்டர் எழும்பவில்லை. அவர் வியர்வையில் தெப்பமாக நனைந்ததுதான் மிச்சம்.

மதியம் மனைவி கையில் ஒரு தாளோடு வந்து நின்றாள். பெட்டிக்குள் கிடந்த விளக்கத்தாள். அவர் அதைப் பிரித்ததே இல்லை.

"என்னங்க, சுத்தி சாமான் இல்லாத இடத்துல பறக்க விடணும்னு போட்டிருக்கே?"

"எனக்குத் தெரியாதா? அதத்தான் நான் காலையிலிருந்து யோசிச்சிட்டு இருக்கேன்."

"கூடத்துல பெரிய சாமான்னா உங்க நாற்காலிதான்."

"தூக்கிப் பின்னறையில போட்டா ஆச்சு."

"அங்க மெஷின் இருக்கே. ரெண்டும் ஒண்ணா நிக்காதே."

"மெஷின வெளிய எடுத்தா?"

"எங்க வெக்கிறது? நடுக்கூடத்துலயா?"

"உனக்குக் கொஞ்சமாவது விவரம் இருக்கா? நடுவுல வெச்சா எப்படிப் பறக்கும்? ஜன்னலோரமா ஒதுக்கிப் போடு. இடைஞ்சல் இருக்காது."

"அப்படிங்கறீங்க?" என்றாள், ரொம்ப யோசித்து.

நாற்காலியை அவரே தூக்கினார். கதவில் இடித்து, சாய்த்து, திருப்பி உள்ளே தள்ளினார். இரும்புக்கால் மெஷினைப் பல்லைக் கடித்துக்கொண்டு அவரே இழுத்து வந்தார். இடுப்பு போய்விட்டது. மனைவி ஒத்தாசைக்கு ஊசி டப்பாவை எடுத்து வந்தாள்.

கூடம் மைதானமாகிவிட்டது. ரிமோட்டைத் தள்ளினார். ஹெலிகாப்டர் மைதானம் முழுவதும் நடுங்கிக்கொண்டே சுற்றி வந்தது.

மணி ஐந்தரை. நாற்காலி போகட்டும். ஆனால் அது ஏன் எழும்ப மாட்டேன் என்கிறது? காரணம் தெரியாமல் தூக்கம் வராதே!

"இப்படிக் குடுங்க பாப்போம்." ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு சட்டையைத் தைத்துக்கொண்டிருந்த மனைவி ஹெலிகாப்டரை வாங்கி, இறக்கையைத் திருப்பினாள். "அடியில பொடி எழுத்துல ஏதோ இருக்குங்க. ஏ… பி… மேலயும் ஒரு ஏ, ஒரு பி. கீழயும் ஒரு ஏ, ஒரு பி."

"அதனால என்ன? நாலும் ஒரே மாதிரிதானே இருக்கு."

"சட்டைக் கை ரெண்டும்கூடத்தான் ஒரே மாதிரி இருக்கும். இடது கைய வலது பக்கம் வெச்சுத் தெச்சுப் பாருங்க, தோள்ல முறுக்கிக்கும். மேல ரெண்டும் ஏ, கீழ ரெண்டும் பி வரணும். வளைவு வேற வேற, தடவிப் பாருங்க."

தடவிப் பார்த்தார். வளைவு எதிரெதிராக இருந்தது. நாலு திருகாணியையும் கழற்றினார், எழுத்துப் பார்த்து மாட்டினார். ரிமோட்டைத் தள்ளினார்.

எழும்பியது! முழங்கால், இடுப்பு, தலை, அதற்கும் மேலே. குட்டிப் பொத்தானை இரண்டு தட்டு தட்டியதும் நழுவலும் நின்றது. கயிறில்லாமல், கம்பியில்லாமல், அந்தரத்தில் சிவப்பாக நின்றது. அண்ணாந்து பார்த்த நம்மவருக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவியும் மெஷினை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்த்தாள். மணி ஆறுக்கு ஐந்து நிமிடம்.

"ஜெயிச்சிட்டேன்! நாற்காலிய எடுத்துட்டு வரேன்!"

"தாராளமா எடுத்துட்டு வாங்க. அப்புறம் இது எங்க பறக்கும்?"

கூடத்தைப் பார்த்தார். பின்னறையைப் பார்த்தார். தரையிறக்கிக் கையில் எடுத்த, இன்னும் சூடு ஆறாத ஹெலிகாப்டரைப் பார்த்தார். இடுப்பும் விண்ணென்று தெறித்தது.

"சரி… நாற்காலி அங்கேயே இருக்கட்டும்" என்று அசடு வழிந்தார். சட்டென்று ஒன்று உறைத்தது. "ஆமா, அந்த ஏ, பி எழுத்த நீ எப்பப் பாத்த?"

"காலையில. நீங்க பல் தேய்ச்சிட்டு இருந்தப்போ."

"அடிப்பாவி! அப்பவே சொல்றதுக்கு என்ன?"

நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே மனைவி சொன்னாள்: "சொல்லியிருந்தா, இவ்வளவு கனமான மெஷின இங்க யாருங்க தூக்கிட்டு வந்து வெச்சிருப்பா?"