நூற்றுக்கு நூறு காது

பாதுகாப்பு அதிகாரி அருளம்பலம் தன் காதைத் தொட்டார். ஜெயபாலனைச் சுட்டினார். ஆபீஸ் பக்கம் கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஜெயபாலனுக்குப் புரிந்துவிட்டது. தகடு வெட்டும் பிரஸ்கள் ஆறும் சேர்ந்து இடிக்கிற இடத்தில் யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. எல்லாம் கை ஜாடைதான். காது, நீ, ஆபீஸ். இதற்கு அர்த்தம் கேட்க ஜோசியரிடமா போக வேண்டும்? மனுஷன் கண்டுபிடித்துவிட்டார்.

போன வாரம் காது பரிசோதனை நடந்தது. ஹெட்போனில் 'பீப்' கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். காது மந்தமானவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. பதினேழு வருஷம் அந்த இடியில் நின்றவனுக்கு எந்தப் பீப் கேட்கும்? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நர்ஸின் தோள் அசைந்தபோதெல்லாம் அமுக்கிவிட்டு வந்தான். நாற்பத்தெட்டு வயதில் இந்த வேலை போனால் ஈப்போவில் வேறு யார் சேர்த்துக்கொள்வார்கள்?

பக்கத்து மெஷின் தினேஸ்வரியிடம் ஜாடையில் விஷயத்தைச் சொன்னான். அவள் மேலே பார்த்துக் கும்பிட்டாள். இருந்த கொஞ்சநஞ்ச தைரியமும் போயிற்று.

அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் சீனி வந்து ஏதோ கத்தினார். கேட்கவில்லை என்று காட்டிக்கொள்ளலாமா? ஜெயபாலன் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, பலமாகத் தலையாட்டினான். சீனி ஒரு மாதிரியாகப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டார்.

கேண்டீனில் தினேஸ்வரி அவன் முகத்துக்கு நேராக வந்து நின்றாள்.

"உங்களுக்கு என்னாண்ணே பைத்தியமா? காது கேக்கலையான்னு சீனி கேட்டாரு. நீங்க ஆமான்னு தலையாட்டுறீங்க."

"அதையா கேட்டாரு?"

"அதுவும் சிரிச்சிக்கிட்டே."

"இப்ப என்னா செய்யிறது?"

"அவங்க கேக்குறதுக்கு முன்னாடி நீங்களே போய் உண்மையச் சொல்லிருங்க லா."

ஜெயபாலன் மாடிப்படி ஏறிப் போனான். அருளம்பலத்தின் மேஜை முன் நின்றதும், மனதில் இருந்ததை எல்லாம் கொட்டிவிட்டான்.

"சார், தப்பு பண்ணிட்டேன். எனக்கு ஒரு பீப்பும் கேக்கலை. நர்ஸ் தோளைப் பாத்துதான் அமுக்குனேன். வீட்டுல என் சம்சாரம் துளசி கூப்பிட்டாலே கேக்குறதில்ல சார். வேலைய மட்டும் எடுத்துராதீங்க."

அருளம்பலம் புன்னகையோடு ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். கோபப்படாத அதிகாரியைக் கண்டால் ஜெயபாலனுக்கு இன்னும் பயம். அவர் எழுந்து கைகுலுக்கி, "நல்லது, நல்லது" என்று ஒரு கடிதத்தைக் கொடுத்து அனுப்பினார்.

வெளியே கிளார்க் பிரதீபாவிடம் அதை நீட்டினான். பயத்தில் எழுத்தே தெரியவில்லை.

"எப்பலேர்ந்து நிப்பாட்டுறாங்கம்மா?"

"நிப்பாட்டலண்ணே. ஃபேக்டரியிலேயே உங்க காதுதான் நூத்துக்கு நூறாம். நாளையிலேர்ந்து மெஷின் சத்தத்தைக் கேட்டு, எது பிசகுதுன்னு சொல்லுற வேலை உங்களுக்கு."

அவள் வாயசைவையே பார்த்துக்கொண்டிருந்த ஜெயபாலன் நாற்காலியில் சரிந்தான்.

"உள்ள எல்லாத்தையும் சொல்லிட்டேனேம்மா. அதைக் கேட்டுட்டா இதைக் குடுத்தாரு?"

கதவு திறந்துதான் இருந்தது. பிரதீபா குரலைக்கூடத் தாழ்த்தவில்லை.

"அவருக்கு எங்கண்ணே கேட்டிருக்கும்? இருபது வருஷமா மெஷின் சத்தம் கேக்குற வேலைய அவருதானே பாக்குறாரு."